ஸயான் நேரோஸ்: ஆற்றுக்குள் ஒரு நாள் நடை, கிளை இடுக்குகளோடு சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸயான் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வர்ஜின் ஆற்றின் வடக்குக் கிளை மணற்பாறையை அறுத்து உண்டாக்கிய ஒடுக்கமான மலை இடுக்குக்கு நேரோஸ் என்று பெயர். தனியாகப் பாதை எதுவும் கிடையாது, ஆறுதான் பாதை. கீழிருந்து ஓட்டத்தை எதிர்த்து மேலே நடந்து, போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் நடைக்கான வழிகாட்டி இது. மேலிருந்து கீழே இறங்கி வரும் 16 மைல் நடை வேறு, அதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். நாம் போகும் நடைக்குப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் மட்டும் போதும்.

ஆற்றில் தடுமாறுகிறவர்களைவிட, வேலைகளின் வரிசையில் தடுமாறுகிறவர்கள்தான் இங்கே அதிகம். ஷூ வாடகைக்கு எடுத்து, ஓட்டல் பதிவு செய்து, லீவும் போட்ட பிறகு ஆறு மூடியிருப்பதைப் பார்க்கிறார்கள். அதனால் கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல், மே மாதங்களில் மேலே மலையில் பனி உருகி ஆறு பெருகும். அப்போது நேரோஸை மூடிவிடுவார்கள். பனி அதிகமாகப் பெய்த ஆண்டில் இது ஜூனுக்குள்ளும் நீளும். வசந்த கால விடுமுறைக்கு டிக்கெட் போடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பகுதியின் மழைக்காலம். வானிலை வெயிலாகத்தான் இருக்கும், ஆனால் பிற்பகலில் இடிமழை திரளும். திடீர் வெள்ளத்தின் காலமும் இதுதான்.

ஜூன் பிற்பாதி, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை. என்னைக் கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். குளிர்காலத்திலும் போகலாம், கூட்டமே இருக்காது. ஆனால் தண்ணீர் 4, 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடும், நீர் புகாத முழு உடை இல்லாமல் முடியாது. முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

2. ஓர் எண், ஒரு படிநிலை, ஓர் எச்சரிக்கை

முந்தைய நாள் மாலையில் ஒருமுறை, கிளம்பும் காலையில் ஒருமுறை பூங்காவின் இணையதளத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது ஆற்றின் நீரோட்டம். விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் நேரோஸை மூடிவிடுவார்கள். மேட்டூர் அணைச் செய்தியில் ஆயிரக்கணக்கில் கன அடி கேட்டுப் பழகிய நமக்கு 150 ஒன்றுமில்லை என்று தோன்றும். அகலமான காவிரிக்கு அது ஒன்றுமில்லைதான். இங்கே இருபது, முப்பது அடி அகலச் சந்துக்குள் விநாடிக்கு 4,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் எதிரே வருகிறது, அதில் நீங்கள் மணிக்கணக்கில் எதிர்த்து நடக்கிறீர்கள். 70 கன அடிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் முழங்கால் ஆழம், சில இடங்களில் தொடை, ஓரிரு மடுக்களில் இடுப்பு. 70-க்கும் 150-க்கும் நடுவே என்றால் நல்ல உடல்வலு வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் போகிறவர்கள் 70-ஐத் தங்கள் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, அன்றைய திடீர் வெள்ள வாய்ப்பு. அமெரிக்க வானிலை மையம் இதை நான்கு படிகளாகச் சொல்லும்: எதிர்பார்க்கப்படவில்லை, நடக்கலாம், பெரும்பாலும் நடக்கும், எதிர்பார்க்கப்படுகிறது. இதில் பலர் இடறுவது இரண்டாவது படியில். "நடக்கலாம் என்றுதானே போட்டிருக்கிறது, திறந்துதானே வைத்திருக்கிறார்கள்" என்று உள்ளே போய்விடுகிறார்கள். திறந்திருப்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது. வெள்ள எச்சரிக்கை முறையாக வெளியான பிறகுதான் மூடுவார்கள், அப்போது நீங்கள் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கலாம். உள்ளே செல்போனுக்கு சிக்னலே கிடையாது, யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. முதல் படி என்றால் முழு நடை, இரண்டாவது என்றால் சீக்கிரம் போய் முற்பகலிலேயே திரும்பும் குறுகிய நடை, அதற்கு மேல் என்றால் ரத்து என்று முன்பே முடிவு செய்துகொண்டால் அங்கே நின்று விவாதிக்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, தண்ணீரில் உள்ள நச்சு. 2020 முதல் இந்த ஆற்றில் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரின் நச்சு இருப்பதாகப் பூங்கா எச்சரித்து வருகிறது. அந்த ஆண்டு ஆற்றில் விளையாடிய ஒரு நாய்க்குட்டி இறந்த பிறகுதான் இது தெரிய வந்தது. தலையை முக்கக் கூடாது, வாயில் தண்ணீர் போகக் கூடாது. கையில் கொண்டுபோகும் வடிகட்டியோ, கொதிக்க வைப்பதோ இந்த நச்சை அகற்றாது. ஆகவே குடிநீர் முழுவதையும் சுமந்துதான் போக வேண்டும், ஆளுக்கு 3 லிட்டர். தண்ணீரைக் கண்டதும் முங்கிக் குளிக்கும் நம் பழக்கத்தை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

3. காலணி, கோல், பை: முந்தைய மாலையே

பூங்காவை ஒட்டியுள்ள ஸ்பிரிங்டேல் ஊரில் ஆற்று நடைக்கான ஷூ, நியோப்ரின் என்ற தடித்த செயற்கை ரப்பர் சாக்ஸ், மரக்கோல் மூன்றையும் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. முந்தைய மாலையே எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் கடையில் வரிசையில் நின்றால் முதல் பஸ் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் நாள் முழுக்க உங்களைத் துரத்தும்.

ஷூவைப் போட்டுப் பார்க்கும்போது சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். அந்த சாக்ஸ் தடிமனானது, வழக்கமான அளவு ஷூ இறுக்கிப் பிடிக்கும்.

ஆற்றின் அடித்தளம் அம்மிக் குழவிகளை நெருக்கிப் பரப்பி மேலே பாசி படிய விட்டதுபோல இருக்கும். செருப்பு, விரல் தெரியும் சாண்டல், தேய்ந்த ஓட்டப்பயிற்சி ஷூ எதுவும் சரிவராது. விரல் நகம் பெயர்ந்தும் கணுக்கால் பிசகியும் நொண்டிக்கொண்டு திரும்புகிறவர்களை எந்த நாளிலும் பார்க்கலாம். கோலை "கிழவனா நான்" என்று மறுக்கிறவர்கள் அரை மணி நேரத்தில் வழியில் கிடக்கும் கழிகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மலையேற்றத்துக்கான இரண்டு மெல்லிய அலுமினியக் கோல்களைவிட, தோள் உயரமுள்ள ஒற்றைத் தடிக்கோல் மேல். மெல்லிய கோல் கற்களுக்கு நடுவே சிக்கி வளைந்துவிடும்.

உடையில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயாது, உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெளியே 38 டிகிரி கொளுத்தினாலும் இடுக்குக்குள் பெரும்பாலான இடங்களில் வெயில் விழாது. சீக்கிரம் காயும் சட்டை, கால்சட்டை, ஒரு மெல்லிய கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேலுடை.

பைக்குள் நீர்புகாப் பை ஒன்று, அதற்குள் மாற்றுச் சட்டை, சாப்பாடு, முதலுதவி, சிறிய டார்ச். இரண்டு பொருள்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று காரின் எலக்ட்ரானிக் சாவி: அது நனைந்து கெட்டால் அந்த ஊரில் மாற்றுச் சாவி வாங்குவது பெரும்பாடு. மற்றொன்று பாஸ்போர்ட். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அதை எங்கே போனாலும் பையிலேயே வைத்திருப்பார்கள். ஆற்றுக்குள் அது வேண்டாம், தங்கும் அறையிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை உட்கார்ந்து பிசைந்து சாப்பிட இடமும் நேரமும் இருக்காது. சப்பாத்தி ரோல், கடலை மிட்டாய், உப்புப் போட்ட முந்திரி, பேரீச்சை என்று நின்றபடி வாயில் போடக்கூடியது நல்லது. குளிர்ந்த நீரில் நடக்கும்போது பசி தெரியாது, ஆனால் தெம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே பசிக்காவிட்டாலும் மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள்.

ஆற்றுக்குள் கழிப்பறை கிடையாது. மலம் கழிக்க நேர்ந்தால் அதை அதற்கென்றே விற்கும் பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

4. கடிகாரமும் பஸ்ஸும்

லாஸ் வேகஸிலிருந்து கார் ஓட்டி வருகிறவர்கள் அதிகம். மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், ஆனால் யூட்டா நேரம், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவைவிட ஒரு மணி முன்னால். காலை 5 மணிக்குக் கிளம்பி 8 மணிக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் வந்து சேரும்போது மணி 9. ஸ்பிரிங்டேலில் இரவு தங்குவதுதான் சரி.

பஸ் ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரை விடமாட்டார்கள். பார்வையாளர் மையத்திலிருந்து இலவச பஸ். கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவா போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மையத்தின் கார் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். ஸ்பிரிங்டேலிலேயே தங்கினால் ஊர் பஸ்ஸில் வந்து நடந்து உள்ளே நுழையலாம், கார் தொல்லையே இல்லை.

இறங்கியதும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நிறுத்தப் பலகையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு மாதம் மாறும். தவறவிட்டால் இருட்டில் 12 கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் நடை.

கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் இங்கேதான் கடைசி.

5. ஆற்றில் இறங்கும் முன் ஐந்து நிமிடம்

நிறுத்தத்திலிருந்து ரிவர்சைடு வாக் என்ற தளம் போட்ட பாதை 1.6 கி.மீ. போகும். இங்கே உள்ள அணில்களுக்குத் தீனி போடாதீர்கள். விதிப்படி தவறு என்பது ஒருபுறம், அவை பழகிப்போய்க் கடிக்கும்.

பாதை முடியும் படிக்கட்டில் எல்லோரையும் நிறுத்தி வெள்ளத்தின் அறிகுறிகளைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் தண்ணீர் இரைச்சலில் யாருக்கும் காது கேட்காது. தெளிவாக இருந்த நீர் திடீரென்று கலங்குவது, சுள்ளியும் குப்பையும் மிதந்து வருவது, மட்டமோ வேகமோ கூடுவது, மேலிருந்து உறுமல் கேட்பது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே பக்கத்தில் உள்ள மேட்டில் ஏறுங்கள். சில அடி உயரம்கூட உயிரைக் காக்கும். கீழே ஓடி வெள்ளத்தை முந்திவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஏறிய இடத்தில், தண்ணீர் வடியும்வரை மணிக்கணக்கானாலும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தலைக்கு மேலே நீல வானம் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்த ஆற்றுக்குத் தண்ணீர் தரும் நிலம் பல மைல் வடக்கே பரவிக் கிடக்கிறது, பெரும்பகுதி வெறும் பாறை. மழை மண்ணில் ஊறாமல் அப்படியே வழிந்து கிளை ஓடைகள் வழியாக இந்த ஒரே சந்துக்குள் சேருகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று இதே பூங்காவில் கீஹோல் என்ற சிறு இடுக்கில் ஏழு பேர் இப்படித்தான் இறந்தார்கள். 2022 ஆகஸ்டில் நேரோஸிலேயே ஒரு உயிர் போனது.

6. ஆற்றில் நடக்கும் விதம்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நல்ல கால்வலு உள்ளவர்கள்கூட முதல் ஒரு மணி நேரத்திலேயே களைத்துப்போவது இதனால்தான்.

நடு ஆற்றில் நேராக மேலே போகாதீர்கள். ஒவ்வொரு வளைவிலும் உட்புறத்தில் மணல் திட்டு இருக்கும், வெளிப்புறத்தில் ஓட்டம் அடித்து ஆழமாகியிருக்கும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அதன் உட்புறத்துக்கு முன்கூட்டியே கடந்துவிட்டால் பாதித் தூரத்தைக் காய்ந்த திட்டிலேயே நடக்கலாம். எதிர்க்கரைப் பாறையில் ஈரக் காலடித் தடம் தெரிந்தால், முன்னே போனவர்கள் அங்கேதான் கரை ஏறினார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கடக்கும் இடத்தை நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சலசலவென்று சிற்றலையோடு வெளிர் நிறத்தில் இருந்தால் ஆழம் குறைவு. அமைதியாகக் கரும்பச்சையாக இருந்தால் மடு. அகலமான இடத்தில் ஆழம் குறையும், குறுகிய இடத்தில் கூடும். பலர் "தூரம் கம்மி" என்று குறுகலான இடத்தில் இறங்கி நெஞ்சளவு நனைகிறார்கள்.

கோல் எப்போதும் ஓட்டம் வரும் பக்கத்தில். முதலில் கோலை ஊன்றுங்கள், அப்புறம் ஒரு கால், அப்புறம் மற்றது. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தடவிக்கொண்டு போனால் கல் உருண்டாலும் உடல் சாயாது. ஆழமான இடத்தில் பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பை உங்களைப் பிடித்து இழுக்காமல் கழன்று வர வேண்டும்.

வேகம் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். ஊரில் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவராக இருந்தாலும் இதே கணக்குதான்.

7. ஆர்டர்வில் சந்திப்பு: இங்கேதான் பெரிய முடிவு

ஆற்றில் இறங்கிய சிறிது நேரத்தில் வலப்புறம் பாறை முகத்தில் வழுக்கி வழியும் மிஸ்டரி ஃபால்ஸ் தெரியும். மிஸ்டரி என்ற கிளை இடுக்கு ஆற்றில் வந்து விழும் இடம் அது. அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் மேலிருந்து கயிற்றில் இறங்கி வருவார்கள். நாம் கீழே நின்று பார்ப்பதோடு சரி.

பஸ் நிறுத்தத்திலிருந்து சுமார் 4 கி.மீ.யில், இரண்டு மணி நேரம் போல நடந்த பிறகு, வலப்புறத்தில் ஆர்டர்வில் என்ற பெரிய கிளை இடுக்கு வந்து சேரும். முக்கிய ஆறு இடப்புறம். ஓட்டம் அதிகமாக இருக்கும் பக்கம்தான் முக்கிய ஆறு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

புதியவர்கள் பெரும்பாலும் இங்கே வலப்புறம் திரும்பிவிடுகிறார்கள். ஆர்டர்வில் இன்னும் குறுகல், இன்னும் இருட்டு, பார்த்ததும் இழுக்கும். ஆனால் காலையில் அதற்குள் போனால் ஒரு மணி நேரம் போய்விடும், வெயிலே படாத இடத்தில் உடலும் குளிர்ந்துவிடும். வெளியே வந்து முக்கிய ஆற்றில் சிறிது தூரம் போனதும் "போதும், திரும்பலாம்" என்று ஆகிவிடும். நேரோஸின் நல்ல பகுதி இந்தச் சந்திப்புக்கு மேலேதான் தொடங்குகிறது. ஆகவே முதலில் இடப்புறம் போங்கள், ஆர்டர்வில்லைத் திரும்பும் வழிக்கு வையுங்கள்.

8. வால் ஸ்ட்ரீட்டும் அதற்கு மேலும்

சந்திப்பைத் தாண்டியதும் இரு சுவர்களும் நெருங்கும். சுமார் 300 மீட்டர் உயரம், சில இடங்களில் 6, 7 மீட்டர்தான் அகலம். சுவரிலிருந்து சுவர்வரை தண்ணீர். இந்தப் பகுதிக்குத்தான் வால் ஸ்ட்ரீட் என்று பெயர்.

இங்கே ஒதுங்க மேடு மிகக் குறைவு, சில இடங்களில் நெடுந்தூரத்துக்குக் கிடையவே கிடையாது. ஆகவே வானம் கொஞ்சம் கறுத்தாலும், தூரத்தில் இடி கேட்டாலும், இதற்குள் நுழையாமல் திரும்பிவிடுங்கள். படம் எடுக்க நிற்பதானால் காலையிலேயே நில்லுங்கள். முற்பகலுக்கு மேல் கூட்டம் வந்துவிடும், ஒவ்வொரு படத்திலும் நூறு கோல்கள் தெரியும்.

வால் ஸ்ட்ரீட் முடிந்த பிறகு பாறைகள் பெரிதாகும், மடுக்கள் ஆழமாகும். சில இடங்களில் இடுப்புக்கு மேல், சில நாட்களில் நெஞ்சுவரை. பஸ் நிறுத்தத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, பாறைச் சுவரிலிருந்து ஊற்று பீறிட்டு வரும் பிக் ஸ்பிரிங் வரும். கீழிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் எல்லை. அதைத் தாண்டக் கூடாது. போய்வர மொத்தம் 15 கி.மீ., முழுதாக எட்டு மணி நேரம்.

பிக் ஸ்பிரிங்கைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். வால் ஸ்ட்ரீட்டின் மேல்முனைவரை போய்த் திரும்பினாலே நடையின் பெரும்பங்கு கிடைத்துவிடும். திரும்புவதை இடத்தை வைத்து முடிவு செய்யாமல் மணியை வைத்து முடிவு செய்யுங்கள். நான் சொல்வது பகல் 12. மழைக்கால மாதமென்றால் 12 மணிக்கு வால் ஸ்ட்ரீட்டை விட்டே வெளியே இருக்க வேண்டும்.

9. திரும்பும் வழியில் ஆர்டர்வில்

சந்திப்புக்கு வந்ததும் மூன்று கேள்வி. பிற்பகல் 2 மணிக்குள் வந்துவிட்டோமா? யாராவது நடுங்குகிறார்களா? மழைக்கால மாதமா? நேரம் இருக்கிறது, யாரும் நடுங்கவில்லை, மழைக்காலமும் இல்லை என்றால் உள்ளே போகலாம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர்வரை பிற்பகலில் இந்தக் கிளையை விட்டுவிடுங்கள். முக்கிய ஆறு தெளிவாக ஓடும்போதே ஆர்டர்வில்லில் மட்டும் வெள்ளம் வரலாம், ஏனென்றால் அதற்கு நீர் தரும் நிலம் வேறு.

உள்ளே ஒரு கிலோமீட்டருக்குள் வெய்ல்ட் ஃபால்ஸ் என்ற சிறு அருவி வரும். அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். வழியில் சிறு பாறைப் படிகளில் ஏற வேண்டியிருக்கும். ஏறுவது எளிது, வழுக்கும் பாறையில் இறங்குவதுதான் கடினம். ஏறும் முன்பே "இதில் என்னால் இறங்க முடியுமா" என்று பாருங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று கைகொடுத்தால் பிள்ளைகளும் சமாளித்துவிடுவார்கள். தனியாக வந்தவர்கள் முதல் தடையிலேயே திரும்பிவிடலாம், குறைந்துபோவது எதுவுமில்லை.

10. கடைசி ஒரு மணி நேரம்

திரும்பும்போது ஓட்டம் உங்களோடு வரும், அதனால் வேகம் கொஞ்சம் கூடும். சறுக்கி விழுவதும் அப்போதுதான் அதிகம். கால் களைத்திருக்கும், பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும், மனம் பஸ்ஸில் இருக்கும். கோலை முன்னால் ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி நடங்கள்.

ஒருவர் பேச்சு குழறினாலோ, பை வாரைப் பூட்ட விரல் ஒத்துழைக்காமல் போனாலோ, அடிக்கடி தடுக்கினாலோ, உடல் சூடு இறங்குகிறது என்று அர்த்தம். "ஒன்றுமில்லை, நடந்தால் சரியாகிவிடும்" என்பார், கேட்காதீர்கள். திட்டில் ஏற்றி ஈர மேல்சட்டையை மாற்றி, இனிப்பாக ஏதாவது கொடுத்து, உடல் சூடேறி, பேச்சும் விரலும் பழையபடி ஆன பிறகு கிளம்புங்கள். மாற்றுச் சட்டையை நீர்புகாப் பைக்குள் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

படிக்கட்டில் ஏறியதும் நேரே பஸ் வரிசைக்குப் போங்கள். மாலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும், முதல் பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அறைக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடுங்கள், ஆற்று நீரின் நச்சு கையில் ஒட்டியிருக்கலாம். வாடகை ஷூவை அன்றே திருப்பித் தர வேண்டுமா, மறுநாள் காலையில் தரலாமா என்பதையும் எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடை மூடும் நேரமும் கடைசி பஸ் வந்து சேரும் நேரமும் பல நாட்களில் ஒத்துப்போவதில்லை.